விட்ட சிகரெட்டை மறுபடி தொட்டவன் வீட்டில் சொல்ல வேண்டுமா?

நொய்யல்கரை (திருப்பூர்) | திங்கள், இரவு 10:50

பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்லூரி நாளில் பிடித்துக்கொண்ட சிகரெட்டைப் போன வருடம் விட்டேன். மருந்து, மாத்திரை எதுவும் இல்லை. மகளுக்கு மூச்சிரைப்பு வந்து ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த வாரத்தில் நிறுத்தியது, அப்படியே நின்றுவிட்டது.

ஆடி மாதம் பெரியப்பா இறந்தார். மயானத்தில் எல்லாம் முடிந்து ஆண்கள் புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம். பங்காளி ஒருவர் பேச்சுவாக்கில் பெட்டியை நீட்டினார், எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு ஒன்றோடு போயிற்று. காரியத்தன்று மறுபடியும். பிறகு ஷிப்மென்ட் நெருக்கடி வந்தது. இப்போது பேக்கரிக்கு டீ குடிக்கப் போகும்போதெல்லாம் கையில் ஒன்று இருக்கிறது.

வீட்டில் தெரியாது. ஏலக்காயை மென்றுகொண்டு, சட்டையை மாற்றிக்கொண்டு சமாளிக்கிறேன். சங்கடம் என்னவென்றால், நான் விட்டதை என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். போன மாதம் அவள் தங்கை சீமந்தத்தில் நாலு பேரை அழைத்து, "இவரைப் பாருங்கள், ஒரே நாளில் தூக்கிப் போட்டுவிட்டார்" என்றாள். நான் பந்தியில் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

எப்படி விடுவது என்று நான் கேட்கவில்லை, ஒருமுறை விட்டவன்தான். வீட்டில் சொல்லிவிட்டு விடுவதா, அல்லது சத்தமில்லாமல் விட்டுவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் இருந்துவிடுவதா? இந்த நிலையைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையபுகை (சேலம்) | திங்கள், இரவு 11:20

சொல்லாதீர்கள் தம்பி. யாரிடமும் சொல்லாதீர்கள். நான் போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்தவன், நாளுக்கு இரண்டு பெட்டி ஊதியவன், விட்டுப் பல வருடம் ஆகிறது. விடப்போகிறேன் என்று அறிவித்தவன் ஒருவனும் எங்கள் டிப்போவில் விட்டதில்லை. அறிவிப்பிலேயே பாதி மகிழ்ச்சி கிடைத்துவிடுகிறது, மீதிப் பாதிக்கு யாரும் உழைப்பதில்லை. சொன்னால் உங்கள் வீட்டில் என்ன நடக்கும்? அழுகை, சண்டை, அந்த எரிச்சலில் இன்னும் இரண்டு. எந்தக் கடையில் வாங்குகிறீர்களோ அந்தக் கடைப் பக்கம் போகாதீர்கள். அவ்வளவுதான் வைத்தியம்.

கடைசிமாத்திரை (மதுரை) | செவ்வாய், காலை 7:15

நான் மருந்தாளுநர். சொல்வதா வேண்டாமா என்பதற்குள் போவதற்கு முன் நொய்யல்கரைக்கு ஒரு கேள்வி. காலையில் எழுந்ததும் முதல் சிகரெட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? நிகோட்டின் உடம்பை எந்த அளவுக்குப் பிடித்திருக்கிறது என்பதை, நாளுக்கு எத்தனை என்ற கணக்கைவிட இந்தக் கேள்வி நன்றாகக் காட்டிக்கொடுக்கும். அரைமணி நேரத்துக்குள் என்றால் வெறும் மன உறுதியை நம்பி இறங்க வேண்டாம்.

"மருந்து, மாத்திரை எதுவும் இல்லை" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பெருமையை என் கடைக்கு வருபவர்களிடமும் பார்க்கிறேன். காய்ச்சலுக்கு மூன்று மாத்திரை விழுங்குகிறவர், சிகரெட் விஷயத்தில் மட்டும் வைராக்கியம் பேசுவார்.

நிகோட்டின் சூயிங்கம் 2 மில்லிகிராம் மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கும். 4 மில்லிகிராமுக்குச் சீட்டு வேண்டும். வாங்கிப் போகிறவர்களில் பலர் இரண்டு நாளில் திரும்பி வந்து "வயிறு எரிகிறது, விக்கல் வருகிறது, பலனே இல்லை" என்பார்கள். கேட்டால் சாதாரண சூயிங்கம் மாதிரி விடாமல் மென்று எச்சிலை விழுங்கியிருப்பார்கள். அப்படி மெல்லக் கூடாது. நாலைந்து முறை மெதுவாகக் கடித்ததும் மிளகு பட்டதுபோல் ஒரு காரம் வரும். உடனே மெல்வதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியபின் மறுபடி நாலு கடி, மறுபடி ஒதுக்கல். அரைமணி நேரம் இப்படிப் போகும். மருந்து வாய்ச்சதை வழியாக ரத்தத்தில் சேர வேண்டும், வயிற்றுக்குப் போனால் வீண். அதற்குக் கால்மணி நேரம் முன்பிருந்து டீ, காபி, குளிர்பானம் எதுவும் கூடாது. வாயில் புளிப்புத்தன்மை ஏறினால் நிகோட்டின் உள்ளே சேராது.

இன்னொன்று. உங்கள் சிகரெட் பெட்டியிலேயே 1800-11-2356 என்ற எண் அச்சாகியிருக்கும். கட்டணம் கிடையாது. 2018 செப்டம்பரிலிருந்து எல்லாப் பெட்டியிலும் போட வேண்டும் என்று சட்டம். பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனையின் மையம் வழியாகத் தமிழிலும் பேசுகிறார்கள். விடும் நாளைக் குறித்துக்கொண்டு, அதன்பின் அவர்களே உங்களைத் திரும்ப அழைப்பார்கள். பெட்டியைக் கையில் வைத்திருக்கும் ஒருவரும் அந்த எண்ணைப் படிப்பதில்லை. 85 விழுக்காடு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் படத்திலிருந்து கண்ணைத் திருப்பப் பழகியவர்கள், கூடவே எண்ணிலிருந்தும் திருப்பிக்கொள்கிறார்கள்.

சுளகு (தென்காசி மாவட்டம்) | செவ்வாய், பகல் 1:40

பழையபுகை ஐயா, நீங்கள் எழுதியது புகைப்பவர் பக்கம் மட்டும் நின்று எழுதியது. மறுபக்கத்திலிருந்து ஒருத்தி சொல்கிறேன்.

என் அம்மா பீடி சுற்றியவர். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு மடியில் சுளகோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். வடக்கேயிருந்து வரும் இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் கட்டினால்தான் அன்றைய கூலி. அந்தத் தூள் வாசத்திலேயே படித்து வளர்ந்தவள் நான். அதனால் புகையிலையைப் பார்த்து முகம் சுளிக்கிற ஆள் இல்லை. எங்கள் பள்ளிக்கூடக் கட்டணமே அதிலிருந்துதான் வந்தது.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். விடுவார், தொடுவார், மறுபடி விடுவார். அவர் புகைத்தது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. வீட்டுக்குள் நுழையும்போது நான் பக்கத்தில் போனால் ஓரடி பின்னால் நகர்வார், அதுதான் வலித்தது. பிள்ளை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டால் முகத்தைத் திருப்புவார். வாசம் தெரிந்துவிடும் என்ற பயம். எனக்கு அது வேறு மாதிரி தோன்றியது. வேறு யாரோ இருக்கிறார்கள் என்றுகூட ஒரு காலத்தில் நினைத்தேன். சொல்லாமல் விட்டுவிடலாம் என்கிறீர்கள். சொல்லாமல் இருக்கும் அந்த மாதங்களில் வீட்டில் இருப்பவள் என்னென்ன நினைப்பாள் என்று யாராவது யோசித்தீர்களா?

ஒருநாள் அவரே சொன்னார். கோபம் வந்தது, காட்டினேன். பிறகு இரண்டு பேரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். அவர் புகைத்தால் அவரே சொல்ல வேண்டும், நான் கேட்கக் கூடாது. சட்டைப் பையைத் துழாவக் கூடாது, மோந்து பார்க்கக் கூடாது. இதில் எனக்கு விதித்த பங்குதான் கடினமானது. துணி துவைக்கும்போது கை தானாகப் பைக்குள் போகும்.

நொய்யல்கரை அண்ணா, சொல்லுங்கள். ஆனால் சொல்லும்போதே அண்ணி உங்களுக்கு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெறுமனே "மறுபடி பிடிக்கிறேன்" என்றால் அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

ஐயப்பேர்வழி (சென்னை) | செவ்வாய், இரவு 9:05

இரண்டு பக்கமும் அனுபவம் பேசுகிறது. எண்களும் கொஞ்சம் பேசட்டும்.

அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் இதய நோய்க்காக நடந்த நீண்ட கால ஆய்வில், 12,067 பேரின் உறவு, நட்பு வலையை 1971 முதல் 2003 வரை தொடர்ந்து பார்த்தார்கள். கிறிஸ்டாகிஸ், ஃபவுலர் இருவரும் 2008-இல் வெளியிட்டார்கள். கணவன் மனைவியில் ஒருவர் விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 விழுக்காடு குறைகிறது. நண்பர் விட்டால் 36. உடன்பிறந்தவர் விட்டால் 25. சிறிய நிறுவனத்தில் கூட வேலை செய்பவர் விட்டால் 34. மனிதர்கள் கூட்டம் கூட்டமாக விட்டிருக்கிறார்கள், விடாதவர்கள் மெல்ல வட்டத்தின் ஓரத்துக்குப் போயிருக்கிறார்கள்.

இதைப் பார்த்து "துணை இருந்தால் போதும்" என்று குதிக்க வேண்டாம். துணைவருக்குப் பயிற்சி கொடுத்து, "இப்படி ஊக்கப்படுத்துங்கள்" என்று அனுப்பிப் பார்த்த ஆய்வுகள் பல உண்டு. அவற்றை ஒன்றாகச் சேர்த்து அலசிய, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, அப்படிச் செய்ததால் விடுபவர்கள் கூடியதாகத் தெரியவில்லை என்றே முடிக்கிறது. அதே காக்ரேன் குழுவினர், பலர் கூடி ஆலோசகர் முன்னிலையில் விடும் குழு முறை, தனியாகக் கையேடு பார்த்து விடுவதைவிட நல்ல பலன் தருகிறது என்கிறார்கள். எனக்குப் புரிவது இதுதான்: புகைக்காதவர் பக்கத்தில் நின்று தட்டிக்கொடுப்பதைவிட, கூடவே விடுகிறவர் ஒருவர் இருப்பது பெரிது.

நொய்யல்கரைக்கு நேரடியாக ஒன்று. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஆலன் மார்லட் 1980-களில் இந்தத் திரும்ப விழுதலையே ஆராய்ந்தவர். விட்டபின் பிடிக்கும் முதல் சிகரெட்டைவிட, அதற்கடுத்து மனத்தில் ஓடும் "போயிற்று, நான் இவ்வளவுதான்" என்ற நினைப்பே ஆளைப் பழைய இடத்துக்கு இழுத்துச் செல்கிறது என்று காட்டினார். மயானத்தில் பிடித்தது ஒரு சிகரெட். அதை மறைக்கத் தொடங்கிய நாளிலிருந்துதான் நீங்கள் மறுபடி புகைப்பவர் ஆனீர்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் புகைப்போரைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் வந்த ஆய்வு ஒன்று, நிலையாக விடுவதற்குள் ஒருவர் 30 அல்லது அதற்கும் மேற்பட்ட முறை முயலக்கூடும் என்று மதிப்பிட்டது. உங்களுடையது முதல் சறுக்கல்.

பழையபுகை | செவ்வாய், இரவு 9:40

முப்பதா? இதைப் படித்தவன் இருபத்தொன்பது தடவைக்கு அனுமதிச் சீட்டு கிடைத்ததாக எடுத்துக்கொள்வான். புள்ளிவிவரத்தை இடம் பார்த்துப் போடுங்கள் ஐயா.

அந்தப் பெண்மணி சொன்னதை மறுக்கவில்லை. ஓரடி பின்னால் நகர்வது எனக்கும் தெரிந்த விஷயம். ஆனால் எல்லா வீடும் உங்கள் வீடு இல்லையம்மா. நீங்கள் கேட்காமல் இருந்தீர்கள். என் வீட்டில் மூன்று வேளையும் கேட்டிருப்பார்கள், கூடவே மாமியாரும்.

நான் விட்டபோது யாரும் உதவவில்லை. டிப்போவில் ராஜா என்று ஒரு கண்டக்டர், புகைக்காதவர். மதியச் சாப்பாடு முடிந்ததும் என்னை இழுத்துக்கொண்டு ரயில்வே கேட் வரை நடப்பார். அந்த நேரம்தான் எனக்கு ஆபத்தான நேரம். பேச்செல்லாம் பஞ்சப்படி, ஓய்வூதியம், இட்லி விலை. சிகரெட்டைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

சுளகு | செவ்வாய், இரவு 9:52

ஐயா, யாரும் உதவவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே ராஜாவை எழுதியிருக்கிறீர்கள்.

பழையபுகை | செவ்வாய், இரவு 10:01

அவர் நடக்க வந்தார். அவருக்குச் சர்க்கரை.

நிர்வாகி | புதன், காலை 8:30

இந்த இழையில் ஓர் உறுப்பினர் மின்சிகரெட் விற்கும் இணைப்பு ஒன்றைப் போட்டிருந்தார், நீக்கப்பட்டது. இந்தியாவில் 2019 சட்டப்படி மின்சிகரெட் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே தடை செய்யப்பட்டவை. "வெளிநாட்டில் மருத்துவரே பரிந்துரைக்கிறார்" என்ற விவாதத்தைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு மட்டும் வேண்டாம்.

தோஹாவெயில் (கத்தார்) | புதன், இரவு 11:30

கூடவே விடுபவர் வேண்டும் என்று ஐயப்பேர்வழி எழுதியதால் எங்கள் அறைக் கதையைச் சொல்கிறேன்.

கட்டுமான நிறுவனத்தின் குடியிருப்பில் ஓர் அறையில் அடுக்குக் கட்டிலில் ஆறு பேர். நானும் கீழ்க்கட்டில் அறந்தாங்கிக்காரரும் சேர்ந்து விட்டோம். முதல் இரண்டு வாரம் திருவிழாதான். மிச்சமாகும் காசை ஒரு ஹார்லிக்ஸ் புட்டியில் போட்டோம். ஒருவருக்குத் தவிப்பு வந்தால் மற்றவர் எழுந்து வெளியே கூட்டிக்கொண்டு போவார். பிறகு ஊரில் அவர் மகளுக்குக் கல்யாணம் தட்டிப்போனது. அன்றிரவு போய் வாங்கிவிட்டார். ஆறுதல் சொல்லப் போனேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன், நானும் பிடித்தேன். ஒருவர் விழுந்தால் இரண்டு பேரும் விழுவோம் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லி வைக்கவில்லை.

இரண்டாவது முறை விதியை மாற்றினோம். யாராவது பிடித்துவிட்டால், அது முடிந்து வாயைக் கொப்பளித்து அறைக்குத் திரும்பிய பிறகே மற்றவர் பேச வேண்டும். பிடிக்கும் இடத்துக்குப் போய் ஆறுதல் சொல்லக் கூடாது. பிடிப்பதற்கு முன் போன் செய்தால் எந்த நேரமானாலும் எடுக்க வேண்டும். கல் நெஞ்சு மாதிரி தோன்றும். ஆனால் அதன்பின் அவர் ஒருமுறை பிடித்தபோது நான் பிடிக்கவில்லை, அடுத்த நாள் அவரும் திரும்பி வந்துவிட்டார்.

மூன்றாவதாக ஓர் ஆள் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு பேர் மட்டும் என்றால் எளிதாகக் கூட்டுச் சதி ஆகிவிடும். "இன்றைக்கு ஒருநாள், யாருக்குத் தெரியப்போகிறது" என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றும் இரவுகள் உண்டு.

நொய்யல்கரை | ஞாயிறு, மாலை 5:10

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சொல்லிவிட்டேன்.

அழுகை வரவில்லை. சத்தமும் வரவில்லை. "அன்றைக்குச் சீமந்தத்தில் நான் பேசும்போதும் பிடித்துக்கொண்டுதான் இருந்தீர்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "என்னைப் பேசவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறீர்கள்" என்றாள். இரண்டு நாள் தேவைக்கு மேல் பேச்சில்லை. சிகரெட்டுக்குத் திட்டுவாள் என்று ஆயத்தமாகப் போனவனுக்கு இது எதிர்பாராத அடி. புகைத்ததில் அவளுக்கு வருத்தம்தான். அதைவிட, அவள் வாக்கு நாலு பேர் முன்னால் பொய்யாகிப் போனதுதான் ஆறவில்லை.

சுளகு சகோதரி சொன்னபடி என்ன வேண்டும் என்றும் கேட்டேன். அவள் சொன்ன பதில்: "உங்களைக் காவல் காக்க என்னால் முடியாது. எனக்கு இருக்கும் வேலை போதும். ஆனால் சித்தப்பாவிடம் நான் போய் மாற்றிச் சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு வரும்போது நீங்களே சொல்லுங்கள்." அவள் சித்தப்பா கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு அவர் முன்னால் உட்காரவே கூச்சம்.

காவலுக்கு ஆள் வேண்டுமே என்று யோசித்து எங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டரிடம் பேசினேன். அவர் புகைப்பதில்லை, புகையிலை அடக்குபவர். வாயில் வெள்ளைத் திட்டு வந்து டாக்டர் எச்சரித்திருக்கிறாராம். "சரி, நீங்கள் அதை விடுங்கள், நான் இதை விடுகிறேன்" என்று கையடித்துக்கொண்டார். அது வேறு, இது வேறு. இப்படிச் சேர்வது சரிப்படுமா? பேக்கரிக்குப் போவதை என்னால் நிறுத்த முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சரக்கு எடுக்க வரும் ஆட்களிடம் பேசுவதெல்லாம் அங்கேதான். அங்கே போகாதே என்றால் வேலையை விடு என்பதுபோல்.

பழையபுகை | ஞாயிறு, மாலை 6:25

சித்தப்பாவிடம் போய்ச் சொல்வதெல்லாம் தேவையில்லாத தண்டனை. நீங்கள் சிகரெட்டை விட வேண்டுமா, பஞ்சாயத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? தீபாவளி வரை அந்த நினைப்பே உங்களைப் பேக்கரிக்கு விரட்டும்.

சுளகு | ஞாயிறு, இரவு 8:15

நான் அண்ணி பக்கம். அவர் தண்டனை கொடுக்கவில்லை. தான் சொல்லாத பொய்யைத் திருத்தும் வேலை தன்னுடையதில்லை என்கிறார், அவ்வளவுதான். ஆனால் தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம் அண்ணா. விருந்து, பட்டாசு, சொந்தக்காரர் கூட்டம், அதற்கு நடுவில் இதைச் சொன்னால் அது ஒரு நிகழ்ச்சி ஆகிவிடும். இந்த வாரமே போனில் பேசிவிடுங்கள். இரண்டு நிமிடப் பேச்சு. ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் வாழ்க்கையில் எத்தனை வாராக்கடனைப் பார்த்திருப்பார், இது ஒன்றும் அவருக்குப் புதிதாக இருக்காது.

கடைசிமாத்திரை | ஞாயிறு, இரவு 9:30

கட்டிங் மாஸ்டரோடு சேர்வது நன்றாகவே சரிப்படும். இரண்டு பேரையும் பிடித்திருப்பது அதே நிகோட்டின். எரிச்சல், தூக்கமின்மை, பசி, கவனம் சிதறுவது எல்லாம் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி, ஒரே நாட்களில் வரும். பெரும்பாலும் முதல் வாரம் உச்சம், மூன்று நான்கு வாரத்தில் தணியும். ஆனால் அவருடைய வெள்ளைத் திட்டைச் சும்மா விடக் கூடாது. புகையிலையை விட்டபின்னும் போகிறதா என்று டாக்டர் தொடர்ந்து பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் சதைப் பரிசோதனை செய்ய வேண்டும். சென்னைப் பக்கம் போக நேர்ந்தால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் புகையிலைப் பழக்கத்தை விடுவதற்கென்றே பிரிவு இருக்கிறது. 2002-இல் நாட்டில் முதன்முதலாகத் தொடங்கிய அத்தகைய மையங்களில் அதுவும் ஒன்று.

பேக்கரி விஷயம். அங்கே போங்கள். ஆனால் டீயின் அளவைப் பாதியாக்குங்கள். காரணம் பலருக்குத் தெரியாது. புகையிலுள்ள தார்ப் பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டிவிடும். காபியிலும் டீயிலும் இருக்கும் காஃபீனை உடைப்பது அந்த நொதிதான். புகையை நிறுத்தியதும் அதன் வேகம் சில நாளிலேயே குறைந்துவிடும். முன்பு குடித்த அதே நாலு டீ இப்போது ரத்தத்தில் இரண்டு மடங்கு காஃபீனாக நிற்கும். படபடப்பு, கை நடுக்கம், இரவில் தூக்கம் வராமை. இதெல்லாம் சிகரெட் இல்லாததால் வருகிறது என்று நினைத்துக்கொண்டு பலர் மறுபடி பற்ற வைக்கிறார்கள். உண்மையில் அது டீயின் வேலை. இது புகைப்பவருக்கு மட்டும், மாஸ்டருக்குப் பொருந்தாது. அவர் வழக்கம்போல் குடிக்கலாம்.

நொய்யல்கரை, என் முதல் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

நொய்யல்கரை | ஞாயிறு, இரவு 9:48

எழுந்து பத்து நிமிடத்துக்குள். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு.

கடைசிமாத்திரை | ஞாயிறு, இரவு 9:55

அப்படியானால் டாக்டரைப் பாருங்கள். 4 மில்லிகிராம் சூயிங்கம் தேவைப்படலாம். தோலில் ஒட்டும் பட்டையோடு சூயிங்கத்தையும் சேர்த்துப் பயன்படுத்தினால் ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடப் பலன் கூடுதல். இல்லையென்றால் வரெனிக்ளின் மாத்திரை. அது மூளையில் நிகோட்டின் போய் உட்காரும் இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டு, தவிப்பையும் குறைக்கும், சிகரெட்டின் இன்பத்தையும் மங்கச் செய்யும். வழக்கமாக விடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி 12 வாரம் எடுப்பார்கள். குமட்டல் வரும், சாப்பிட்டபின் நிறையத் தண்ணீரோடு எடுக்க வேண்டும். விசித்திரமான கனவுகளும் வரும், பயப்படாதீர்கள்.

ஐயப்பேர்வழி | திங்கள், காலை 10:20

மாஸ்டரும் நீங்களும் பணம் கட்டிக்கொள்ளுங்களேன். பிலிப்பைன்ஸில் மிந்தனாவோ தீவில் ஒரு வங்கி இப்படிச் செய்து பார்த்தது. புகைப்பவர் கணக்குத் தொடங்கி ஆறு மாதம் பணம் போட்டு வர வேண்டும். முடிவில் சிறுநீர்ப் பரிசோதனை. நிகோட்டின் தடயம் இல்லையென்றால் பணம் முழுதும் திரும்பக் கிடைக்கும், இருந்தால் அறச்செயலுக்குப் போய்விடும். 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். இந்தக் கணக்கு தொடங்க வாய்ப்பளிக்கப்பட்டவர்களில் விட்டவர்கள் மற்றவர்களைவிட அதிகம். அதேசமயம், வாய்ப்பளிக்கப்பட்டவர்களில் சுமார் பத்தில் ஒருவர்தான் கணக்கே தொடங்கினார்.

தோஹாவெயில் | திங்கள், பகல் 3:00

பத்தில் ஒருவர் என்பதைத்தான் நம்புகிறேன். எங்கள் ஹார்லிக்ஸ் புட்டியை அந்த இரவில் உடைத்துத்தான் சிகரெட் வாங்கினோம். பணத்தை மூன்றாம் ஆளிடம் கொடுங்கள். உங்கள் விஷயத்தில் அண்ணியிடம் கொடுக்கக் கூடாது, அவர் காவல் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நொய்யல்கரை | வெள்ளி, இரவு 10:35

டாக்டரைப் பார்த்தேன். மாத்திரை தொடங்கியாயிற்று, விடும் நாளும் குறித்தாயிற்று. கனவுகள் பற்றி எச்சரித்ததற்கு நன்றி, இல்லாவிட்டால் நேற்று பயந்திருப்பேன். பெரியப்பா என் டேபிளில் உட்கார்ந்து ஜிஎஸ்டி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

பணம் செக்கிங் பிரிவு அக்காவிடம் இருக்கிறது. நானும் மாஸ்டரும் வாரக்கூலி நாளில் ஆளுக்கு ஒரு தொகை கொடுக்க வேண்டும். தவறினால் கம்பெனி ஆயுதபூஜைக்குப் போய்விடும் என்று அவரே விதி போட்டுவிட்டார். எங்களைவிட அவர்தான் உற்சாகமாக இருக்கிறார். மாஸ்டர் தவறினால் எவ்வளவு பொரி வாங்கலாம் என்று இப்போதே கணக்குப் போடுகிறார்.

சித்தப்பாவிடம் போனில் சொன்னேன். "அப்படியா" என்றார். பிறகு திருப்பூரில் பஞ்சு நூல் விலை என்ன என்று கேட்டார். வைத்துவிட்டார்.

மனைவி, பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள், ஒன்றும் சொல்லவில்லை. மொட்டை மாடிச் சாவியை மட்டும் ஆணியிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். காவல் வேலை வேண்டாம் என்று சொன்னவள்தான். இதைக் கேட்பதா, விட்டுவிடுவதா தெரியவில்லை.

சுளகு | வெள்ளி, இரவு 10:50

கேளுங்கள். சாவியை வாங்கி நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டியை யாராவது பார்க்கத்தானே வேண்டும்.

பழையபுகை | வெள்ளி, இரவு 11:05

மதியச் சாப்பாட்டுக்குப் பின் எங்கே போகப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டீர்களா? அது முடிவாகாமல் நாள் குறித்துப் பயனில்லை. மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு நடங்கள். புகையிலை பற்றிப் பேச வேண்டாம்.

மேட்டுத்தெரு (திருச்சி) | சனி, காலை 6:40

முழு இழையையும் படித்தேன். ஒரு சந்தேகம். என் அப்பாவுக்கு எழுபது வயது, மேலும் கீழும் பல்செட். பீடியை விட வேண்டும் என்கிறார். ஆனால் சூயிங்கம் பல்செட்டில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு தடவை பல்செட்டைக் கழற்றிச் சுரண்ட வேண்டியதாயிற்று. வேறு வழி உண்டா?

கடைசிமாத்திரை | சனி, காலை 8:05

பல்செட்டுக்குச் சூயிங்கம் ஒத்து வராது. சப்பும் மாத்திரையாக 2 மில்லிகிராம் கிடைக்கிறது. அதைக் கடிக்காமல், விழுங்காமல், கன்னத்தில் மாற்றி மாற்றி ஒதுக்கிக் கரையவிட வேண்டும். இருபது முப்பது நிமிடம் ஆகும். டீ, காபி விதி அதற்கும் உண்டு. அல்லது தோலில் ஒட்டும் பட்டை. காலையில் மேல்கையிலோ மார்பிலோ முடியில்லாத இடத்தில் ஒட்டி, தினமும் இடத்தை மாற்ற வேண்டும். இரவில் தூக்கம் கெட்டால் படுக்கும்முன் எடுத்துவிடலாம். பீடிக்காரர் என்பதால் பட்டையின் அளவை டாக்டரே முடிவு செய்யட்டும். பீடி அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கும், அதனால் "சின்ன பீடிதானே" என்று குறைத்துக் கணக்கிடக் கூடாது. அப்பாவுக்கு அண்மையில் மாரடைப்பு வந்ததா, நெஞ்சுவலி உண்டா என்பதையும் டாக்டரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.